22ஆர்இ பிக்கப்: ஈஜிஆர் மாடுலேட்டர், பிவிஎஸ்வி, கேனிஸ்டர் எதுவும் புதிதாகக் கிடைப்பதில்லை. மாற்று என்ன?

பழைய_பிக்கப்91:

வண்டி 1991 டொயோட்டா பிக்கப், 22ஆர்இ இன்ஜின், 2.4 லிட்டர், மேனுவல் கியர். புகைச் சோதனையில் நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடுகள்) மட்டும் வரம்பைப் போல இரண்டு மடங்கு வருகிறது. ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு இரண்டும் வரம்புக்குள்தான்.

எக்சாஸ்ட் வாயுவில் கொஞ்சத்தை மறுபடி இன்டேக்குக்குள் விட்டு நாக்ஸைக் குறைக்கும் ஈஜிஆர் வால்வ் வேலை செய்கிறதா என்பதே சந்தேகம். அந்த வால்வுக்குப் போகும் வேக்குவத்தைக் கட்டுப்படுத்தும் மாடுலேட்டரின் மூடிக்குள் இருந்த ஃபில்டர் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது. கூலண்டின் சூட்டைப் பொறுத்து வேக்குவத்தைத் திறந்து மூடும் பிவிஎஸ்வியின் பிளாஸ்டிக் மூக்கு ஒன்று ஹோஸைக் கழற்றும்போது ஒடிந்துவிட்டது. டேங்க் ஆவியைப் பிடித்துவைக்கும் கரி கேனிஸ்டர் பக்கம் பெட்ரோல் வாடை. பாகக் கவுண்டரில், ஈஜிஆர் வால்வையும் சேர்த்து, இந்த நான்கு பாக எண்களுக்கும் ஒரே பதில்: நிறுத்தியாச்சு.

வேறு வண்டியின் பாகம் பொருந்துமா? பொருந்தினாலும் சரியாக வேலை செய்யும் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது? ஈஜிஆரை அடைத்துவிடச் சொல்பவர்கள் தயவுசெய்து வேண்டாம். சோதனையில் பானட்டைத் திறந்தும் பார்ப்பார்கள்.

---

வேக்குவம்_கேஜ்:

தேடக் கிளம்புவதற்கு முன் எது செத்திருக்கிறது என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள். ஈஜிஆர் வரிசையில் பழி போடப்படும் பாகம் வேறு, பழுதான பாகம் வேறாக இருப்பது சகஜம். கையால் அடிக்கும் வேக்குவம் பம்ப் ஒன்று போதும்.

இன்ஜின் நன்றாகச் சூடாகி ஐடிலில் ஓடட்டும். ஈஜிஆர் வால்வின் ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்பை நேரே வால்வில் மாட்டி 10 முதல் 15 அங்குலம் பாதரசம் வரை இழுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

முள் நிற்காமல் இறங்கினால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. வால்வ் போச்சு. முள் நின்று, இன்ஜின் தடுமாறினாலோ அணைந்தாலோ வால்வும் நன்று, பாதையும் திறந்திருக்கிறது. கோளாறு வேக்குவத்தைக் கொண்டுவரும் பக்கத்தில். முள் நின்றும் இன்ஜினில் ஒரு மாற்றமும் இல்லையென்றால் பாதை கரியால் அடைத்திருக்கிறது, அல்லது வால்வின் தண்டு இறுகிக் கிடக்கிறது. இந்த மூன்றாவது வகையில் புது வால்வ் வாங்கிப் போட்டாலும் நாக்ஸ் இம்மியும் இறங்காது.

அடுத்தது மாடுலேட்டர். அதில் பி, க்யூ, ஆர் என்று வாய்கள் உண்டு. வால்வுக்குப் போவது க்யூ. பி, ஆர் இரண்டையும் விரலால் அடைத்துக்கொண்டு க்யூவில் ஊதுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது காற்று மேலே ஃபில்டர் வழியாகத் தாராளமாக வெளியேற வேண்டும். பிறகு 2500 ஆர்பிஎம்மில் பிடித்து மறுபடி ஊதினால் பலமான தடை இருக்க வேண்டும். ஓடும்போதும் காற்று சும்மா போகிறதென்றால் வேக்குவம் வால்வுக்குப் போகாமல் வெளிக்காற்றில் கரைகிறது. உதிர்ந்த ஃபில்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். அதே கனத்தில் திறந்த துளை கொண்ட ஃபோம் வெட்டி வைக்கலாம். சொரசொரப்பான பக்கம் வெளியே பார்க்க வேண்டும். நெருக்கமான ஃபோம் வைத்தால் காற்று வெளியேற நேரம் பிடித்து, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஈஜிஆர் திறந்தே இருக்கும். ஐடிலுக்கு இறங்கும்போது தடுமாறும்.

கூடவே ஒன்று. செக் கனெக்டரில் டிஇ1, இ1 என்ற இரண்டு முனைகளையும் ஷார்ட் செய்துவிட்டு டைமிங் பாருங்கள். டிடிசிக்கு (பிஸ்டன் உச்சியைத் தொடும் புள்ளிக்கு) முன் 5 டிகிரி இருக்க வேண்டும். யாராவது இழுவைக்காக டிஸ்ட்ரிபியூட்டரை முன்னே திருகிவைத்திருந்தால் அதுவே நாக்ஸை ஏற்றும். இன்ஜின் வழக்கத்தைவிடச் சூடாக ஓடினாலும் அப்படித்தான். இவற்றுக்குப் பாகமே தேவையில்லை.

---

எண்_வேட்டை:

மேலே சொன்னதையெல்லாம் செய்தும் பாகம் தேவை என்று ஆனால், தேடும் முறை இது.

டொயோட்டா எண்ணின் முதல் ஐந்து இலக்கம் பாகத்தின் வகை. 25620 என்றால் ஈஜிஆர் வால்வ், 25870 மாடுலேட்டர், 77740 சார்கோல் கேனிஸ்டர், 89465 ஆக்சிஜன் சென்சார், 12204 பிசிவி (கிராங்க்கேஸ் ஆவி) வால்வ். அடுத்த இரண்டு இலக்கம் இன்ஜின் குடும்பம். 22ஆர் வகையின் இன்ஜின் பாகங்களில் 35 என்று பார்த்திருப்பீர்கள். கடைசி மூன்று, அதற்குள் எந்த ரகம் என்பது. கவுண்டரில் "இல்லை" என்று சொன்னது உங்கள் பத்து இலக்க எண்ணுக்கு மட்டும்தான். அதே முதல் ஏழு இலக்கத்தில் வேறு கடைசி மூன்று உள்ளவை இன்னும் எங்காவது இருக்கலாம்.

இன்னொரு சிக்கல், எண் மாறிக்கொண்டே வந்திருப்பது. ஒரு எண்ணுக்குப் பதில் இன்னொன்று, அதற்குப் பதில் மூன்றாவது என்று சங்கிலி போகும். கணினி கடைசி எண்ணை மட்டும் காட்டும். ஆனால் பழைய சரக்கு வைத்திருப்பவர் பெட்டியில் அச்சிட்ட முதல் எண்ணிலேயே பட்டியல் போட்டிருப்பார். சங்கிலியில் உள்ள எல்லா எண்ணையும், நடுக்கோடு போட்டும் போடாமலும் தேடுங்கள். பாகத்தைச் செய்தவரின் எண்ணையும் விடாதீர்கள். டென்சோ செய்தது என்றால் ஆறு இலக்கம், நடுக்கோடு, நான்கு இலக்கம் என்ற அமைப்பில் உடம்பிலேயே இருக்கும். வண்டிக் கம்பெனியின் எண் செத்த பிறகும் இந்த எண்ணில் சரக்கு நிற்பதுண்டு.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டு என்றால், 22ஆர்இ பிக்கப்பில் மட்டும் வரவில்லை. 4ரன்னரிலும் 80களின் செலிகாவிலும் வந்திருக்கிறது. ஆனால் இன்ஜின் ஒன்றுதானே என்று எடுத்துவிடாதீர்கள். பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் எமிஷன் லேபிளில் வேக்குவம் ஹோஸ் வரைபடம் இருக்கும். பாகம் கொடுக்கும் வண்டியின் லேபிளைப் படம் எடுத்து உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். கலிஃபோர்னியா விதிக்காக விட்ட வண்டிகளில் ஈஜிஆர் வாயு வெப்பநிலை சென்சார் உண்டு. அது இல்லாமல் ஓடினால் கம்ப்யூட்டர் 71 கோட் போடும். உங்களுடையது அந்த ரகமா என்று முதலில் பாருங்கள்.

யார்டுக்குப் போகும்போது பம்பையும் வெர்னியரையும் கொண்டுபோங்கள். போல்ட் துளைகளின் இடைவெளி சரியாக இருந்தால் மட்டும் போதாது. அடியில் உள்ள ஊசியின் விட்டம், எத்தனை அங்குல வேக்குவத்தில் தூக்கத் தொடங்குகிறது, எத்தனையில் முழுக்கத் திறக்கிறது, இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சீக்கிரம் திறக்கும் வால்வ் போட்டால் மெதுவான வேகத்தில் வண்டி குதிரை போலக் குதிக்கும்.

வேறு கம்பெனி வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு எச்சரிக்கை. ஜெனரல் மோட்டார்ஸின் பாசிட்டிவ் பேக் பிரஷர் வகை வால்வில் மாடுலேட்டர் உள்ளேயே இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது அது வேக்குவத்தைப் பிடிக்கவே பிடிக்காது. கிழிந்தது என்று தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

பிரிக்காத பெட்டியில் வரும் பழைய சரக்கைக் கண்டு மயங்க வேண்டாம். டயஃப்ரம் ரப்பர். வண்டியில் இருந்தாலும் பெட்டியில் இருந்தாலும் அதற்கு வயதாகிறது. வாங்கும் முன் 15 அங்குலம் இழுத்து ஒரு நிமிடம் நிற்கிறதா என்று வீடியோ கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

---

கரிப்பெட்டி:

கேனிஸ்டருக்கு நான் சொல்றேன். வாடை வந்தாலே கேனிஸ்டர் போச்சுன்னு அர்த்தம் இல்லைங்க. பாதி கேஸ்ல டேங்க் மூடியோட ரப்பர் வளையம், இல்லேன்னா விரிசல் விட்ட ஹோஸ்.

கழட்டி கையில எடுங்க. ரொம்ப கனமா, குலுக்கினா தண்ணி மாதிரி சத்தம் வந்தா உள்ள பெட்ரோல் இறங்கியிருக்கு. அதைக் காப்பாத்த முடியாது. பங்க்ல பெட்ரோல் போடுற துப்பாக்கி தானா நின்ன பிறகும் கழுத்து வரைக்கும் பெட்ரோல் போடுற பழக்கம் இருந்தா இதுதான் நடக்கும்.

கனம் இல்லேன்னா டேங்க் பக்கக் குழாயில மெதுவா ஊதுங்க. மத்த வாய்கள் வழியா காத்து தாராளமா வரணும். அடைப்பு இருந்தா பர்ஜ் குழாயை (ஆவி இன்ஜினுக்குப் போற வாய்) விரலால மூடிக்கிட்டு டேங்க் பக்கத்துல 3 கிலோ அழுத்தக் காத்து விட்டுச் சுத்தம் பண்ணலாம். கரித்தூள் வெளியே வந்துச்சுன்னா உள்ள இருக்கிற வடிகட்டி கிழிஞ்சிருக்கு, தூக்கிப் போட்டுடுங்க. அந்தத் தூள் பர்ஜ் லைன் வழியா த்ராட்டில் பாடிக்குப் போகும். தண்ணி ஊத்திக் கழுவவே கூடாது.

மாத்தித்தான் ஆகணும்னா இது எல்லாத்துலயும் சுலபமான மாற்று. வேலை ஒண்ணுதான்: டேங்க் ஆவியைப் பிடிச்சு வைக்கணும், இன்ஜின் ஓடும்போது விட்டுடணும். டேங்க், பர்ஜ், வெளிக்காத்துன்னு மூணு வாய் இருக்கணும், கரியோட கொள்ளளவு உங்களுடையதுக்குச் சமமா, இல்ல கொஞ்சம் பெருசா இருக்கணும். டேங்க் அளவு ஒத்துப்போற வண்டியோடதை எடுங்க. ஆனா சிலதுல செக் வால்வ் உள்ளேயே இருக்கும், சிலதுல வெளியே ஹோஸ்ல இருக்கும். உங்க பழசுல உள்ளே இருந்து புதுசுல இல்லேன்னா தனியா ஒண்ணு சேர்க்கணும். பர்ஜை இன்டேக் மேனிஃபோல்டோட நேரா சேர்த்துடாதீங்க. த்ராட்டில் கொஞ்சம் திறந்தா மட்டும் வேக்குவம் வர்ற வாய்ல இருக்கிறது அப்படியே இருக்கட்டும், இல்லேன்னா ஐடில்ல ஆவியைக் குடிச்சு கார்பன் மோனாக்சைடு ஏறும்.

ஹோஸ் விஷயத்துல கலர் கலரா வர்ற சிலிக்கான் ஹோஸ் வேண்டாம். வெறும் வேக்குவத்துக்கு ஓகே, பெட்ரோல் ஆவிக்கு ஆகாது. ஊறிப் போயிடும், வாடையும் ஊடுருவி வெளிய வரும். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 அச்சடிச்ச ஹோஸ் வாங்குங்க.

---

மரை_அளவு:

பிவிஎஸ்வி பற்றி யாரும் சொல்லவில்லை. ஒடிந்தது மூக்கு மட்டும் என்றால் வால்வ் உயிரோடுதான் இருக்கிறது. வால்வைத் தலைகீழாகப் பிடித்து, ஒடிந்த துளையைக் கையால் திருகும் டிரில்லால் சீராக்குங்கள். மெஷின் வேண்டாம், தூள் உள்ளே போனால் கதை முடிந்தது. துளைக்கு இறுக்கமாக நுழையும் பித்தளைக் குழாய் 15 முதல் 20 மில்லிமீட்டர் வெட்டி, 120 டிகிரிக்கு மேல் தாங்கும் எபாக்ஸியில் ஒட்டுங்கள். குழாயின் உள் முனையில் எபாக்ஸி தடவாதீர்கள், துளை அடைத்துக்கொள்ளும். நன்றாக இறுகிய பிறகு கூலண்டில் மாட்டுங்கள்.

மாற்று வால்வ் தேடுவதானால் மூன்றைப் பாருங்கள். மூக்குகளின் எண்ணிக்கை. சூடானால் திறப்பதா, மூடுவதா; இரண்டு வகையும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். எந்த வெப்பநிலை, மேனுவலில் இரண்டு எண்கள் தந்திருப்பார்கள், ஒன்றுக்குக் கீழே மூடியிருக்க வேண்டும், மற்றதற்கு மேலே திறந்திருக்க வேண்டும். பாத்திரத்து நீரில் மூக்கு நனையாமல் அடிப்பாகத்தை மட்டும் மூழ்கவைத்து, தெர்மாமீட்டரோடு சூடாக்கி, ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மரை விஷயத்தில் கவனம். ஜப்பான் வண்டிகளில் இருப்பது பிரிட்டிஷ் வகைக் கூம்பு மரை, 55 டிகிரி. அமெரிக்கப் பாகங்களில் வருவது 60 டிகிரி. கால் அங்குல அளவிலும் 3/8 அங்குல அளவிலும் பிரிட்டிஷ் வகைக்கு அங்குலத்துக்கு 19 மரை, அமெரிக்க வகைக்கு 18. முதல் இரண்டு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும். பலமாகத் திருகினால் அலுமினிய ஹவுசிங்கில் மரை போய்விடும்.

---

பழைய_பிக்கப்91:

பம்ப் மாட்டிப் பார்த்தேன். வால்வ் வேக்குவத்தைப் பிடிக்கிறது, முள் அசையவில்லை. இன்ஜினிலும் ஒரு மாற்றமும் இல்லை. டைமிங் 5 டிகிரி சரியாக இருக்கிறது. மாடுலேட்டரில் 2500இல் ஊதினாலும் காற்று தாராளமாகப் போகிறது, தடையே இல்லை. ஆக, பாதை அடைப்பு, மாடுலேட்டரும் போச்சு என்று எடுத்துக்கொள்ளலாமா? எக்சாஸ்டைச் சுத்தப்படுத்தும் கன்வெர்டரும் ஆக்சிஜன் சென்சாரும் வண்டியோடு வந்தவையேதான்.

---

வேக்குவம்_கேஜ்:

மாடுலேட்டரை இன்னும் சாகடிக்காதீர்கள். அது மூடிக்கொள்ள அடியிலிருந்து எக்சாஸ்ட் அழுத்தம் வர வேண்டும். அந்த அழுத்தம் எடுக்கப்படுவது ஈஜிஆர் பாதையிலிருந்துதான். பாதை கரியால் அடைத்திருந்தால் மாடுலேட்டருக்கு அழுத்தமே வராது. நல்ல மாடுலேட்டரும் இந்தச் சோதனையில் தோற்கும்.

கழற்றி மேசையில் வைத்துப் பாருங்கள். பி, ஆர் அடைத்து, க்யூவில் வேக்குவம் பம்ப். அடிக்குழாயில் சிறு ஹோஸ் மாட்டி வாயால் மெதுவாக ஊதியபடியே பம்பை அடியுங்கள். ஊதும்போது முள் ஏறி நின்று, ஊதுவதை நிறுத்தியதும் இறங்கினால் மாடுலேட்டர் நன்று. கம்ப்ரசர் காற்று விடாதீர்கள், டயஃப்ரம் தாங்காது.

பிறகு வால்வைக் கழற்றி, அது உட்காரும் இடத்தையும் இரண்டு துளைகளையும் பாருங்கள். கரி கல்லாக இறுகியிருக்கும். வளையும் கம்பி பிரஷ், பழைய ஸ்பீடோமீட்டர் கேபிளின் நுனியைப் பிரித்துவிட்டது, கையால் திருகும் டிரில் பிட் என்று கிடைப்பதை வைத்துச் சுரண்டுங்கள். இன்டேக் பக்கத் துளையைச் சுரண்டும்போது வேக்குவம் கிளீனர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய துண்டு உள்ளே விழுந்தால் இன்டேக் வால்வில் மாட்டும். மாடுலேட்டருக்குப் போகும் மெல்லிய எஃகுக் குழாயை மறக்காதீர்கள், முதலில் அடைப்பது அதுதான். கார்ப் கிளீனர் ஊசிப் பக்கம் மட்டும். டயஃப்ரம் பக்கம் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

சைலன்சர் மாற்றியிருக்கிறீர்களா? பெரிய குழாயும் தடையில்லாத சைலன்சரும் போட்டால் பேக் பிரஷர் குறைந்து, எல்லாப் பாகமும் சரியாக இருந்தும் ஈஜிஆர் தாமதமாகவே திறக்கும். அப்போது மாடுலேட்டரை மாற்றுவதில் பயனில்லை.

---

எண்_வேட்டை:

கன்வெர்டருக்கு வருகிறேன். ஈஜிஆர் சரியான பிறகும் நாக்ஸ் இறங்காவிட்டால்தான் அது. ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நாக்ஸ் மூன்றையும் குறைக்கும், அதாவது மூன்று வேலை செய்யும் கன்வெர்டரில் நாக்ஸைப் பிரிப்பது ரோடியம். அது வேலை செய்ய காற்று–பெட்ரோல் விகிதம் 14.7க்கு ஒன்று என்பதை ஒட்டியே ஊசலாட வேண்டும். கொஞ்சம் காற்று மிகுந்தாலும் நாக்ஸ் அப்படியே வெளியே வந்துவிடும். ஹைட்ரோகார்பன் நன்றாக, நாக்ஸ் மோசமாக என்ற உங்கள் நிலைமைக்கு இதுவும் பொருந்துகிறது. அதனால் கன்வெர்டருக்கு முன் சென்சாரைப் பாருங்கள்.

முள் வோல்ட்மீட்டரை செக் கனெக்டரின் விஎஃப், இ1 முனைகளில் மாட்டி, டிஇ1, இ1 ஷார்ட் செய்து, 2500 ஆர்பிஎம்மில் சென்சாரைச் சூடாக்குங்கள். 10 நொடியில் முள் 8 தடவைக்குக் குறையாமல் ஆட வேண்டும். குறைந்தால் சென்சார் கிழடாகிவிட்டது; ஒரே பக்கம் நின்றுவிட்டால் வேக்குவம் கசிவையும் சேர்த்துப் பாருங்கள்.

சரியான கனெக்டரோடு வரும் சென்சார் கிடைக்காவிட்டால் கம்பியை இணைக்கும் பொது வகையைப் போடலாம், ஆனால் உங்களுடையதில் எத்தனை கம்பி, இரண்டு நட்டில் உட்காரும் ஃபிளாஞ்ச் வகையா, 18 மில்லிமீட்டர் மரை வகையா என்று பார்த்து வாங்குங்கள். டென்சோவில் கறுப்பு இரண்டும் ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். பாஷில் வெள்ளை இரண்டும் ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் எர்த். நிறத்துக்கு நிறம் சேர்த்தால் ஹீட்டர் கரண்ட் சிக்னலில் போகும். சால்டர் வேண்டாம், கிரிம்ப் செய்யுங்கள். சென்சார் ஒப்பிட்டுப் பார்க்கும் வெளிக்காற்று கம்பியின் இழைகளுக்கு நடுவே உள்ளே போகிறது, ஈயம் அதை அடைத்துவிடும்.

கன்வெர்டர் மாற்றினால் இன்ஜின் கொள்ளளவுக்குரியதாக, மூன்று வேலை செய்யும் வகையாக இருக்கட்டும். பழையதன் நடுவில் காற்றுக் குழாய் இருந்தால் புதியதிலும் வேண்டும். பழையது இருந்த தூரத்திலேயே வையுங்கள். பின்னால் தள்ளினால் சூடாகி வேலை தொடங்க நேரம் எடுக்கும். வண்டி பதிவான இடத்தின் விதி எந்தச் சான்று முத்திரையைக் கேட்கிறது என்று வாங்கும் முன் பாருங்கள். ஐரோப்பிய விதியில் ஆர்103, கலிஃபோர்னியாவில் நிர்வாக ஆணை எண், உடம்பிலேயே பொறித்திருக்கும். எண்ணெய் குடிக்கும் இன்ஜினில் எந்தக் கன்வெர்டரும் நிலைக்காது.

---

பழைய_பிக்கப்91:

மாடுலேட்டர் மேசைச் சோதனையில் நின்றது. மெல்லிய குழாய் முழுக்க அடைத்திருந்தது, சுரண்டிவிட்டேன். வால்வுக்கு அடியில் இருந்த கேஸ்கெட் துண்டு துண்டாக வந்துவிட்டது, அதுவும் எங்கும் இல்லை. காகிதக் கேஸ்கெட் வெட்டி வைக்கலாமா?

---

மரை_அளவு:

காகிதம் எரிந்துபோகும், அங்கே ஓடுவது எக்சாஸ்ட். நடுவில் துளையிட்ட எஃகுத் தகடு வைத்த கிராஃபைட் ஷீட், 1.5 மில்லிமீட்டர் கனம், எக்சாஸ்ட் கேஸ்கெட்டுக்கென்று விற்பதை வாங்கி வெட்டுங்கள். வால்வின் அடியை ஷீட்டில் வைத்து வரைந்து, துளைகளை பஞ்ச் கொண்டு அடியுங்கள். கத்தரியால் வெட்டினால் கிராஃபைட் உரியும். வாயுத் துளை அசலைவிட ஒரு மில்லிமீட்டர்கூடச் சிறிதாக வேண்டாம், அதுவே தடையாகும். பழைய கேஸ்கெட்டின் துண்டுகளைச் சேர்த்துவைத்து, இரண்டு துளையும் ஒரே அளவா என்று பாருங்கள். ஒன்று வேண்டுமென்றே சிறிதாக இருந்தால் அந்த அளவை அப்படியே வெட்டுங்கள். சிலிக்கான் பசை தடவ வேண்டாம். அங்கே கருகிப்போகும், அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாருக்கும் ஆகாது. முதல் தடவை சூடாகி ஆறிய பிறகு நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, அதன் பிறகு பம்ப் சோதனையை மறுபடி செய்யுங்கள்.